வீட்டில் அடி விழுந்தால் எங்கே போவது, எதைக் கையில் வைத்திருப்பது: கொங்குப் பக்கத்துப் பெண்களுக்கு

தங்கையின் குடும்ப வன்முறை வழக்கில் முதல் நாளிலிருந்து ஆணை கைக்கு வரும்வரை கூடவே அலைந்தவள் நான். எந்த ஆபீசில் எதைக் கேட்பது, எந்தக் காகிதம் இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள், எதற்குக் காசு, எது இலவசம் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் அம்மாயி அடி வாங்கினார். அம்மா வாங்கினார். தங்கையும் வாங்கினாள். தங்கையின் மகள், அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இது அவளோடு நிற்க வேண்டும் என்பதுதான் எங்களை வீட்டை விட்டுக் கிளப்பியது. அதனால் வழக்குக்குக் கொடுக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுத்து எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை" என்று சொல்லியே நிறையப் பேர் வெளியே வராமல் இருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டால் யாரையும் உடனே பிடித்து உள்ளே வைக்க மாட்டார்கள். அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு விரட்டக் கூடாது, செலவுக்குப் பணம் கொடு, நகையைத் திருப்பிக் கொடு என்று கோர்ட் ஆணை போடும். அந்த ஆணையை மீறினால்தான் கைது. அடி மட்டும் கணக்கு என்றும் இல்லை. கேவலமாகப் பேசுவது, கட்டாய உறவு, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, நகையை அடகு வைத்துத் தின்பது எல்லாமே இந்தச் சட்டத்தில் வன்முறைதான். கணவன் மேல் மட்டுமல்ல, அப்பா, அண்ணன், மகன், மாமியார் மேலும் மனு போடலாம். தாலி கட்டாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்த பெண்ணும் போடலாம்.

1. இன்றைக்கு ராத்திரியே ஆபத்து என்றால்

181-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. உயிருக்கே ஆபத்து என்றால் 112. நம் பக்கம் தோட்டத்து வீடுகள் தனித்தனியாக இருக்கின்றன. கத்தினால் கேட்க அக்கம்பக்கம் ஆள் இருக்காது. அதனால் வழி சொல்லும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், எந்த ரோட்டில் திரும்ப வேண்டும், பக்கத்தில் கோயிலா, மில்லா, பால் சொசைட்டியா என்று சொல்லுங்கள். இதை இப்போதே ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்து வையுங்கள். பதற்றத்தில் சொல்ல வராது.

மாவட்டத்துக்கு ஒன்றாவது ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. சகி என்றும் சொல்வார்கள். வைத்தியம், போலீஸ் உதவி, வக்கீல் ஆலோசனை, பொதுவாக 5 நாள் வரை தங்க இடம், எல்லாம் அங்கே இலவசம். 181-ல் பேசினாலே அங்கே சேர்த்துவிடுவார்கள். பையன்களைக் கூட வைத்துக்கொள்ள வயது வரம்பு உண்டு. பெரிய பையன் இருந்தால் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வாசலில் போய் நின்று தவிக்க வேண்டாம்.

கிளம்பினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே கிளம்புங்கள். "முதலில் நான் போகிறேன், அப்புறம் வந்து கூட்டிக்கொள்கிறேன்" என்று விட்டுவிட்டு வந்தால், பிறகு பிள்ளையைப் பார்ப்பதற்கே தனியாக மனுப் போட வேண்டி வரும்.

2. காகிதங்களை வெளியே கொண்டுவருவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் சந்தேகம் வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனில் அழித்துவிடுங்கள். தேவைப்படுபவை:

உங்கள் ஆதார், பிள்ளைகளின் ஆதார், பிறப்புச் சான்று. ரேஷன் கார்டு. கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, பதிவு செய்திருந்தால் அந்தச் சான்று. நகைக் கடை பில், சீர் கொடுத்தபோது எடுத்த போட்டோ, வீடியோ. நகை அடகில் இருந்தால் அந்த ரசீது. பேங்க் பாஸ்புக்.

பில் தொலைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். கல்யாண ஆல்பத்தில் கழுத்தில் என்ன இருந்தது, கையில் என்ன இருந்தது என்று தெரியும். அதைப் பார்த்து ஒவ்வொரு நகையாக எழுதி, எத்தனை பவுன், யார் போட்டது என்று அம்மாவை வைத்துப் பட்டியல் தயார் செய்யுங்கள்.

பலர் விட்டுவிடுவது கணவரின் வருமானத்துக்கான ஆதாரம். ஜீவனாம்சம் என்று கேட்டதும் பத்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கூட "எனக்கு வருமானமே இல்லீங்க" என்று சொல்லிவிடுவார். சர்வே நம்பர் தெரிந்தால் பட்டாவை அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். தறி ஓடுகிறதென்றால் அந்த மின் இணைப்பு எண், பால் ஊற்றினால் சொசைட்டி புத்தகம், வண்டிகளின் ஆர்.சி., சீட்டுப் போட்டிருந்தால் அந்தச் சீட்டு அட்டை. எல்லாவற்றையும் படம் எடுங்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் வழக்கில், ஜீவனாம்சம் கேட்கும்போது இரண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவர் மறைத்தால் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அப்புறம் போன். ஆதாரில் இருப்பது கணவரின் நம்பர் என்றால் ஒவ்வொரு ஓ.டி.பி.யும் அவருக்குத்தான் போகும். நீங்கள் எங்கே விண்ணப்பித்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்க்குள் முடியும். கம்பெனிச் சம்பளம் அவர் பார்க்கும் கணக்கில் விழுந்தால், உங்கள் பெயரில் மட்டும் புதுக் கணக்குத் திறந்து, மாதக் கடைசிக்குள் கம்பெனி ஆபீசில் மாற்றச் சொல்லுங்கள்.

3. ஆஸ்பத்திரி

காயம் சின்னதாக இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஏ.ஆர். என்று ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். வழக்கில் நிற்கும் காகிதம் அதுதான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வரி ஏ.ஆரில் ஏறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவதும் அந்த வரியைத்தான். கூட மாமியாரோ கணவரோ வந்திருந்தால், "டாக்டரம்மாகிட்ட தனியாப் பேசணும்" என்று கேளுங்கள். யார், எப்போது, எதனால் அடித்தார் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

ஏ.ஆர். எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, நகல் கேளுங்கள். உடனே தரவில்லை என்றாலும் பரவாயில்லை, எண் இருந்தால் பிறகு கோர்ட் மூலம் வரவழைக்கலாம். காயத்தை முகம் தெரிவதுபோல ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம், கன்றிப்போன இடம் அடுத்த இரண்டு நாளில் நிறம் மாறும்போது மறுபடியும் ஒரு படம். மிரட்டல் ஆடியோ, வாட்ஸ்அப் எல்லாம் இருக்கும் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது அதற்கென்று ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்.

4. மகளிர் ஸ்டேஷனா, பாதுகாப்பு அலுவலரா?

இரண்டும் வேறு வழிகள். இரண்டிலும் ஒரே நேரத்தில் போகலாம்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுப்பது குற்றப் புகார். கணவர் வீட்டார் கொடுமைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. பழைய 498-ஏ தான் அது. 3 வருடம் வரை சிறை. புகாரை இரண்டு பிரதி கொண்டுபோங்கள். முதலில் சி.எஸ்.ஆர். என்று, புகார் பதிவானதற்கான ரசீது தருவார்கள், அதை வாங்காமல் எழுந்து வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். வாங்க மறுத்தால் அதே புகாரை ஸ்பீடு போஸ்டில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், கோவை, திருப்பூர், சேலம் மாநகருக்குள் என்றால் கமிஷனருக்கு. அதற்கும் அசைவு இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பாதுகாப்பு அலுவலர், மாவட்டச் சமூக நல அலுவலகத்தைச் சேர்ந்தவர். பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். திங்கட்கிழமை போகாதீர்கள். அன்று மனுநாள், அதிகாரிகள் கூட்டத்தில் இருப்பார்கள். மனுநாள் வரிசையில் நின்று கொடுத்தால் அது சுற்றிக்கொண்டு இதே அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும். வேறொரு நாள் காலையில் நேராகப் போங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு டி.ஐ.ஆர். என்ற சம்பவ அறிக்கையை அவர் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். கட்டணம் இல்லை. டி.ஐ.ஆர். எழுதத் தாமதமானால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அது இல்லாமலே நேரடியாகக் கோர்ட்டில் மனுப் போடலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தேதிகளைக் கோர்வையாக எழுதிக்கொண்டு போங்கள். சரியான தேதி நினைவில்லையென்றால் "பெரியவளுக்கு மொட்டை போட்ட மாசம்", "பண்ணாரி குண்டத்துக்கு முந்தின வாரம்" என்று குறித்துவைத்து, பிறகு காலண்டரைப் பார்த்து மாதம், வருடம் போட்டுக்கொள்ளலாம். கடைசி அடி விழுந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, இனி முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்கும் மனுவுக்கு அந்த ஒரு வருடக் கெடு கிடையாது. காமாட்சி என்ற தமிழ்நாட்டுப் பெண்ணின் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது, அதுவும் 2022-ல்.

5. மனுவில் என்ன கேட்க வேண்டும்

கேட்காததைக் கோர்ட் தானாகத் தராது என்று நினைத்தே எழுதச் சொல்லுங்கள். அடிக்கவும் மிரட்டவும் நெருங்கவும் தடை, குடியிருக்க உரிமை, அல்லது வேறு வீட்டுக்கு வாடகை, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதச் செலவு, வைத்தியச் செலவு, நகையும் சீர்ப் பொருளும் திரும்ப, பிள்ளைகள் உங்களிடம் இருக்க ஆணை, பட்ட வேதனைக்கு நஷ்டஈடு. இவை எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். தனியாக, இடைக்கால ஆணை வேண்டும் என்ற மனுவையும் பிரமாணப் பத்திரத்தோடு அன்றே போடச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் கடைசித் தீர்ப்பு வரை கையில் ஒன்றும் இருக்காது. நிலைமை மோசமென்றால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால ஆணை போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

நம் பக்கத்தில் எல்லாப் பெண்ணும் கேட்கும் வசனம்: "வீடு எங்கப்பன் பேர்ல இருக்குது, உனக்கு இங்க என்ன பாத்தியதை?" காடும் வீடும் மாமனார் பெயரில் இருப்பது கொங்கில் சகஜம். சொத்தில் பங்கு வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. கல்யாணமாகி நீங்கள் குடியிருந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், அதில் குடியிருக்க நீங்கள் கேட்கலாம் என்று 2020-ல் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் என் கருத்தைச் சொல்கிறேன்: ஆள் அரவமில்லாத தோட்டத்து வீட்டுக்கு ஆணையோடு திரும்பிப் போவதைவிட, டவுனில் வாடகை வாங்கித் தரச் சொல்வது பாதுகாப்பு. அங்கே ஸ்டேஷன் பக்கம், வேலை பக்கம், பள்ளிக்கூடம் பக்கம்.

கல்யாணம் பெங்களூரில் நடந்திருந்தாலும், கணவர் அங்கேயே இருந்தாலும், நீங்கள் இப்போது அம்மா வீட்டில் தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே போடலாம். வேலை பார்க்கும் ஊரிலும் போடலாம். கணவரின் வீட்டு முகவரியோடு வேலை செய்யுமிடம், போன் நம்பர் எல்லாம் எழுதுங்கள். முகவரி தவறி நோட்டீஸ் திரும்பினால் வாய்தா மேல் வாய்தாவாகப் போகும்.

6. வக்கீல், செலவு, நாள்கணக்கு

பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தரும் உரிமை அது. கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகா ஊர்களில் வட்டக் குழு இருக்கும். ஆதார் நகலும் ஒரு விண்ணப்பமும் போதும். தொலைபேசி 15100. நியமித்த வக்கீல் காசு கேட்டால் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள்.

ஆகும் செலவு செராக்ஸ், போட்டோ பிரின்ட், பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி, பஸ். ஆணையின் நகல் இலவசம். உண்மையான செலவு கூலிதான். ஷிப்ட் கணக்கில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். சூப்பர்வைசரிடம் முழுக்கதை சொல்ல வேண்டாம், "கோர்ட் வேலை இருக்குது" என்று தேதியை முன்கூட்டியே சொன்னால் போதும்.

சட்டப்படி மனு கிடைத்த 3 நாளுக்குள் முதல் விசாரணை, நோட்டீஸைப் பாதுகாப்பு அலுவலர் 2 நாளில் சேர்க்க வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும். நடைமுறையில் மாதங்கள் ஆகும், வருடம் தாண்டுவதும் உண்டு. அதனால்தான் இடைக்கால ஆணையை அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

7. "நாலு பேரை வெச்சுப் பேசிக்கலாம்"

மனு போட்டது தெரிந்ததும் பெரியவர்கள் வருவார்கள். குலதெய்வக் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கித் தருகிறேன் என்பார்கள். பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேச்சுக்கு முன்னால் சி.எஸ்.ஆர். அல்லது டி.ஐ.ஆர். பதிவாகி இருக்கட்டும். பேச்சு முறிந்தால் நிற்க ஒரு இடம் வேண்டும்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டேஷனில் "சமாதானமாப் போறேன்" என்று எழுதித் தரும்படி கேட்டால், அதில் "மறுபடி அடித்தால் புகாரைத் தொடர்வேன்" என்ற வரி இருக்க வேண்டும், உங்களுக்கு நகல் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதித் தீர்த்துவிடுவது, நகையைக் கொடுத்துவிட்டோம் என்று எழுதி வாங்குவது, இவற்றில் பெண்கள் இழப்பது அதிகம். கோர்ட் தராத விவாகரத்தை ஊர்க் காகிதத்தை நம்பி எடுத்துக்கொண்டால் பின்னால் மறுமணம், பிள்ளை, சொத்து எல்லாவற்றிலும் சிக்கல் வரும். கையெழுத்துக்கு முன் இலவச வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள்.

வெளியாட்களைவிட நம் வீட்டுப் பெரியம்மாக்களைச் சமாளிப்பதுதான் கடினம். "நாங்க படாததா கண்ணு, அனுசரிச்சுப் போ" என்று எங்கள் அம்மாவும் சொன்னார். அவரோடு வாதாட நான் விரும்பவில்லை. "உங்களை அப்பா அடிச்சப்ப யாராச்சும் வந்திருந்தா நல்லா இருந்திருக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு அலுவலரிடம் வந்து, தங்கை கையில் பார்த்த தழும்புகளைப் பற்றி அவரே வாக்குமூலம் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

8. பிள்ளைகள்

அடிக்கும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் தூங்கியிருக்காது. அம்மாவை அப்பா அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்கள், தாங்களும் கணவரிடம் அடி வாங்குவது மற்றவர்களைவிட அதிகம் என்று தேசியக் குடும்பநல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வெளியே வந்ததும் இதையும் சரிசெய்யத் தொடங்க வேண்டும். வழக்கு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை: படுக்கையில் மறுபடி சிறுநீர் போவது, காரணமில்லாத வயிற்றுவலி, திக்கல், தூக்கத்தில் அலறல், பள்ளியில் பிற பிள்ளைகளை அடிப்பது, அல்லது அளவுக்கு மீறி அமைதியாக, நல்ல பிள்ளையாக இருப்பது. கடைசியில் சொன்னதை யாரும் நோய் என்று பார்ப்பதில்லை. இவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை, சேலம், நாமக்கல், கரூர் எல்லா இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓ.பி.யில் காசு இல்லை. முதல் முறை பிள்ளையின் முன்னால் முழுக் கதையையும் சொல்லாதீர்கள், எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள். போனில் பேச டெலி மானஸ் 14416, தமிழில் பேசுவார்கள், இலவசம். இது உங்களுக்கும்தான். தூக்கம் வராமல், சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்துக்கொண்டு இருந்தால் அம்மாவுக்கும் வைத்தியம் வேண்டும்.

பையனிடம் "அப்பன் மாதிரியே வர்றே" என்று கோபத்தில்கூடச் சொல்லாதீர்கள். அவன் அதை நம்பிவிடுவான். அடித்தான் என்றால் அடித்ததை மட்டும் கண்டியுங்கள். பெண்பிள்ளையிடம் "நீ அழுதா அம்மாவுக்குக் கஷ்டம்" என்று சொல்லாதீர்கள். வாய்தா நாளில் பிள்ளைகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிவராதீர்கள், கோர்ட்டே கேட்டால் தவிர. அப்பாவுக்குச் செய்தி சொல்லும் ஆளாகவும் அவர்களை வைக்காதீர்கள்.

பள்ளி மாற்றத்துக்கு டி.சி. கிடைக்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆணை வந்ததும் ஒரு நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பிள்ளையை யாரோடு அனுப்பலாம் என்று எழுதிக் கொடுங்கள். அப்பா வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று பட்டால் அதைக் கோர்ட்டில் சொல்லலாம், மாஜிஸ்திரேட் மறுக்க முடியும். பிள்ளைக்கே ஆபத்து என்றால் 1098.

9. ஆணை கைக்கு வந்த பிறகு

நகலை நாலைந்து பிரதி எடுத்து, ஒன்றை உங்கள் பகுதி ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். பாதுகாப்பு ஆணையை மீறி வாசலில் வந்து நின்றாலே குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரன்ட் இல்லாமல் பிடிக்கலாம், ஜாமீன் தானாகக் கிடைக்காது. "ஒருதடவைதானே வந்தார்" என்று விடாதீர்கள், முதல் தடவையே எழுத்தில் புகார் கொடுங்கள்.

மாதப் பணம் நின்றால் வாய்வழியாகக் கேட்டுக்கொண்டிருக்காமல், பாக்கியைக் கணக்குப் போட்டு அதே கோர்ட்டில் மனுப் போடுங்கள். அவர் சம்பளக்காரர் என்றால் கம்பெனியே பிடித்து உங்கள் கணக்கில் போடும்படி கோர்ட் உத்தரவிடலாம். தொகை குறைவு என்று பட்டால் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். அந்த 30 நாள் எப்போது முடிகிறது என்று நகல் வாங்கும் அன்றே வக்கீலிடம் கேட்டு, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.